கெர்ஷா தோள் ஆபரேஷனும் ரிட்டயர்மெண்ட்டும்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

பேஸ்பால் பாக்கறேன்னு சொன்னாலே நம்மாளுங்க ஒரு மாதிரி பாப்பாங்க, அதுல வேற கிளேட்டன் கெர்ஷா பத்தி எப்ப பேசினாலும் அதே பத்து பதினஞ்சு கேள்விதான் திரும்ப திரும்ப வருது. அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். பேஸ்பால் தெரியாதவங்களுக்கும் புரியணும்னு கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கேன், தெரிஞ்சவங்க தாண்டி போயிடுங்க.

யாருப்பா இந்த கெர்ஷா?

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட இடது கை பிட்சரா இருந்தவர். பிட்சர்னா நம்ம கிரிக்கெட் பவுலர் மாதிரி, ஆனா ஓடி வரமாட்டார், ஒரு மண்மேட்டு மேல நின்ன இடத்துலேந்து எறிவார். 1988-ல டல்லாஸ்ல பொறந்தவர், 2006 டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புது பசங்களை தேர்ந்தெடுக்கறது) ஏழாவது ஆளா டாட்ஜர்ஸ் எடுத்தாங்க, 2008 மே மாசம் முதல் மேட்ச், அதுக்கப்புறம் 18 சீசனும் அதே டீம்தான். சை யங் விருதுன்னு வருஷா வருஷம் பெஸ்ட் பிட்சருக்கு குடுப்பாங்க, அது மூணு வாட்டி (2011, 2013, 2014). 2014-ல லீகோட எம்.வி.பி-யும் (அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர்) இவர்தான், ஒரு பிட்சருக்கு அது கிடைக்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. மொத்தம் 223 வெற்றி 96 தோல்வி, இ.ஆர்.ஏ 2.53. இ.ஆர்.ஏ-ன்னா ஃபீல்டர் தப்பால போன ரன்னை விட்டுட்டு 9 இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தன ரன் விடறார்ங்கற கணக்கு, 4-க்கு கீழ இருந்தாலே பரவால்லன்னு சொல்லுவாங்க, இவர் 18 வருஷத்துக்கு 2.53. இதுக்கு மேல அறிமுகம் வேணாம்.

தோள்ல அப்படி என்னதான் ஆச்சு?

2023 சீசன்லயே ஜூன் கடைசிலேந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் தோள் வலின்னு வெளிய உக்காந்திருந்தார். திரும்பி வந்து ஆடினார், சீசன் முடிவுல 13 வெற்றி, இ.ஆர்.ஏ 2.46, பேப்பர்ல பாத்தா பிரமாதம். ஆனா மேட்ச் பாத்தவங்களுக்கு தெரியும், பந்துல அந்த வேகம் இல்ல, தோளை காப்பாத்தி காப்பாத்தி எறிஞ்சிட்டிருந்தார்.

அப்புறம் அக்டோபர் 7. பிளே-ஆஃப், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் கூட, சொந்த கிரவுண்டு. முதல் பேட்ஸ்மேன் கெட்டெல் மார்ட்டே அடிச்சது சென்டர் ஃபீல்டர் கிளவுஸ்ல பட்டு விழுந்துச்சு, சரி போகட்டும்னு பாத்தா அடுத்தவன் அடிக்கறான், அதுக்கு அடுத்தவன் அடிக்கறான், மொரேனோ மூணு ரன் ஹோம்ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிக்கறான். ஒரு இன்னிங்ஸுக்கு மூணு அவுட் எடுக்கணும், இவர் ஒரே ஒரு அவுட் எடுத்து 6 ரன் குடுத்துட்டு தலையை குனிஞ்சுகிட்டு டக்கவுட்டுக்கு நடந்தார். நான் காபி போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள மேட்ச் முடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

நவம்பர் 3-ம் தேதி ஆபரேஷன் ஆனதா அவரே சொன்னார். இடது தோள் மூட்டோட தசைநார்களையும் கேப்சூலையும் சரி பண்ணாங்க. கேப்சூல்னா மூட்டை சுத்தி இருக்கற உறை. தோள் மூட்டு எப்படின்னா ஒரு சின்ன தட்டு மேல பெரிய பந்து உக்காந்த மாதிரி, பந்து உருண்டு போகாம பிடிச்சு வெக்கறதே இந்த உறையும் நாருங்களும்தான். பதினஞ்சு வருஷமா ஆயிரக்கணக்கான வாட்டி கையை முழு வேகத்துல சுத்தினா அது தொளதொளன்னு ஆகறது ஆச்சரியமே இல்ல.

இது அந்த டாமி ஜான் ஆபரேஷனா?

இல்ல. எல்லாரும் இதைத்தான் குழப்பிக்கறாங்க. டாமி ஜான் ஆபரேஷன் முழங்கைல. 1974-ல டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலா பண்ணது, பேஷண்ட் பேரு டாமி ஜான், அவரும் டாட்ஜர்ஸ் பிட்சர்தான், அதுக்கப்புறம் 46 வயசு வரைக்கும் ஆடி இன்னும் 164 மேட்ச் ஜெயிச்சார். இன்னிக்கு அந்த ஆபரேஷன் சர்வ சாதாரணமா ஆயிடுச்சு, சின்ன பசங்க கூட பண்ணிக்கிட்டு ஒண்ணு ஒன்றரை வருஷத்துல திரும்பி வராங்க.

தோள் அப்படி இல்லீங்க. தோள்ல கத்தி வெச்சா பழைய ஆளா திரும்புவானான்னு யாரும் கேரண்ட்டி தரமாட்டாங்க. முழங்கைன்னா பிட்சர் பயப்படுவான், தோள்னா வேற வேலை தேட ஆரம்பிப்பான்னு வெச்சுக்கோங்க. இவருக்கு பண்ணவர் நீல் எலட்ராச், அந்த ஜோப் பேர்ல இருக்கற ஆஸ்பத்திரி டாக்டர்தான்.

அதுக்கு முன்னாடி உடம்பு நல்லாதானே இருந்தது?

எங்க நல்லா இருந்தது. 2014 ஆரம்பத்துலயே தோளுக்கு பின்னால தசை பிடிச்சுகிச்சு. 2016-ல முதுகு டிஸ்க் பிதுங்கி ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு, 2017 முதுகு, 2018 முதுகு அதோட பைசெப்ஸ் வேற, 2021-ல முன்னங்கை வலின்னு பிளே-ஆஃபே ஆடல, 2022-ல மறுபடி முதுகு. இருபதுகள் கடைசிலேந்தே வருஷத்துக்கு ஒரு தடவையாவது இஞ்சுரி லிஸ்ட்ல பேரு வந்துடும்.

இந்த உடம்பை அவங்க எப்படி வெச்சு ஓட்டினாங்கன்னு புரியணும்னா 2022 ஏப்ரல் 13 மின்னசோட்டா மேட்ச் பாருங்க. மூணு டிகிரி குளிர், 7 இன்னிங்ஸ், எதிர் டீம்ல ஒருத்தன் கூட பேஸுக்கு (ரன் எடுக்க ஓடி தொடற இடம்) போகல, 13 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி பேட்ஸ்மேன் அவுட் ஆகறது), மொத்தம் 80 பந்துதான். இன்னும் 6 அவுட் எடுத்தா பெர்ஃபெக்ட் கேம், அது பல பெரிய பிட்சர்களுக்கே வாழ்க்கைல கிடைக்காதது. மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் போதும்னு சொல்லி எடுத்துட்டார். ஊரே கொந்தளிச்சது, நானும்தான். கெர்ஷா மட்டும் சரியான முடிவுதான்னு சொன்னார், ஏன்னா அந்த வருஷம் லாக்அவுட்டால (டீம் முதலாளிங்க ஆட்டக்காரங்களை உள்ள விடாம பூட்டிட்டாங்க) பிராக்டிஸ் குறைவு, கை தயாரா இல்லன்னு அவருக்கே தெரியும். 34 வயசுலயே தன் கையோட பேலன்ஸ் எவ்வளவுன்னு தெரிஞ்சு செலவு பண்ண ஆரம்பிச்சுட்டார்.

35 வயசு, கோடி கோடியா காசு, பேரு எல்லாம் இருக்கு. ஆபரேஷன் பண்றதுக்கு பதிலா அப்பவே ரிட்டயர் ஆகியிருக்கலாமே?

ஆகியிருக்கலாம். 2014-லயே 7 வருஷத்துக்கு 215 மில்லியன் டாலர் காண்ட்ராக்ட் போட்டவர், காசுக்காக கத்திக்கு கீழ படுக்க வேண்டிய அவசியம் இல்ல. 2021 முடிஞ்சதுலேந்து ஒரு ஒரு வருஷமாத்தான் கையெழுத்து போட்டார், ஒவ்வொரு குளிர்காலமும் போதுமா, இல்ல சொந்த ஊர் டெக்சஸ் டீமுக்கு போறாரா, இல்ல இன்னும் ஒரு வருஷமான்னு அதே பஞ்சாயத்து. நம்மூர்ல ஒவ்வொரு ஐ.பி.எல் முடியும்போதும் தோனிகிட்ட கேப்பாங்களே, அதேதான், என்ன, இங்க மஞ்சள் அங்க நீலம்.

என் அபிப்பிராயம் என்னன்னா அவர் அந்த ஆபரேஷனை இன்னொரு கப்புக்காகவோ பழைய வேகத்துக்காகவோ பண்ணிக்கல. அந்த அக்டோபர் 7-தான் கடைசி மேட்ச்னு இருக்கக்கூடாதுன்னு பண்ணிக்கிட்டார். தோள் கிழிஞ்ச நிலைமைல நான் ரிட்டயர் ஆகறேன்னு சொன்னா அது முடிவே இல்ல, வேற வழி இல்லாம போறது. கை திரும்பி வேலை செஞ்சாதான் வேணும் வேணாம்னு சொல்ற உரிமையே வரும். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் செலவு பண்ணார்னு நான் நெனைக்கறேன், இதுல சண்டைக்கு வரவங்க வரலாம்.

ரீஹேப்ல என்ன பண்ணுவாங்க? சும்மா ஜிம்மா?

ஜிம் எல்லாம் கடைசில. முதல்ல கையை தொட்டில் கட்டி வெச்சிருப்பாங்க. அப்புறம் இன்னொருத்தர் கையை பிடிச்சு தூக்கறது, அப்புறம் தானே தூக்கறது, சுவத்துல விரலால ஏணி ஏறற மாதிரி ஏறுவாங்க. எனக்கு ஒரு தடவை தோள் இறுகி போய் பிசியோதெரபி போனேன், பரண்லேந்து ஒரு அண்டாவை எடுக்கற அளவுக்கு கை மேல போக நாலு மாசம் ஆச்சு, கண்ணுல தண்ணியே வந்துடும். இவர் அந்த கையால மணிக்கு 90 மைல் எறியணும்.

கை முழுசா மேல போக ஆரம்பிச்சதும் பக்கத்துல நின்னு மெதுவா பந்து போடறது, வாராவாரம் தூரத்தை கூட்டறது, அப்புறம் மேடு மேல ஏறி எறியறது, அப்புறம் சொந்த டீம் பேட்ஸ்மேனுக்கு, அப்புறம் சின்ன லீக்ல போய் நிஜ மேட்ச். 2024 ஜூன்ல ராஞ்சோ குக்கமோங்காங்கற கீழ்மட்ட டீமுக்கு போய் பதினெட்டு இருபது வயசு பசங்களுக்கு பந்து போட்டார். நல்லாதான் போட்டார், ஆனா அதுக்கப்புறம் தோள்ல மறுபடி வலி, நிறுத்தி வெச்சாங்க, ஸ்கேன்ல பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்ததும் மறுபடி ஆரம்பிச்சார். ரீஹேப்ல ஆளை கொல்றது இந்த மாதிரி பின்வாங்கறதுதான், வலி கூட அப்புறம்தான்.

திரும்பி வந்தாரா?

2024 ஜூலை 25, ஜயண்ட்ஸ் கூட, 4 இன்னிங்ஸ், 6 ஸ்ட்ரைக்அவுட், 2 ரன். ஆபரேஷன் ஆகி ஒன்பது மாசம் கூட ஆகல. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, வலது முட்டியை மடக்கி, ஒரு நொடி அப்படியே தொங்கி நின்னு எறியற அந்த பழைய ஆக்‌ஷனை பாத்ததும் எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

ஏழு மேட்ச்தான். ஆகஸ்ட் 30 அரிசோனால ரெண்டாவது இன்னிங்ஸ்லயே வெளிய வந்துட்டார், தோள் இல்ல, இந்த தடவை இடது கால் கட்டைவிரல். எலும்பு கூடுதலா வளந்து குத்துது. கட்டைவிரல்தானேன்னு நினைக்காதீங்க, இடது கை பிட்சர் இடது காலாலதான் மேட்டை உந்தி தள்ளுவான், உடம்போட மொத்த பலமும் அந்த விரல் வழியாத்தான் கிளம்பும். அதோட சீசன் காலி. டாட்ஜர்ஸ் அந்த வருஷம் நியூயார்க் யாங்கீஸை அடிச்சு வேர்ல்ட் சீரிஸ் (அதான் ஃபைனல்) ஜெயிச்சாங்க, இவர் ஒரு பந்து கூட போடல. ஊர்வலத்துல மைக்கை பிடிச்சு இந்த கப்புல எனக்கு பங்கே இல்ல, ஆனாலும் சந்தோஷம் தாங்கலங்கற மாதிரி பேசினார்.

பேசிட்டு ஒரு வாரத்துல மறுபடி ஆபரேஷன் டேபிள். ஒண்ணு இடது பாதத்துக்கு, ஒண்ணு இடது முட்டி ஜவ்வுக்கு.

இத்தனை ஆபரேஷனுக்கு அப்புறமும் ஆடினாரா? டீம் ஏதோ பாவம் பாத்து வெச்சிருந்திருக்கும்.

நானும் அப்படித்தான் நெனச்சேன், ஒத்துக்கறேன். 2025-க்கு 7.5 மில்லியன் டாலருக்கு கையெழுத்து, மிச்சம் ஆடினா ஆடின கணக்குக்கு. அவர் லெவலுக்கு அது சில்லறை. அந்த டீம்ல ஸ்னெல், கிளாஸ்நவ், யமமோட்டோ, ரோக்கி சசாகி, ஒட்டானி வேற, இவ்வளவு பேருக்கு நடுவுல 37 வயசு தாத்தாவுக்கு ஏது இடம்? சரி பழகின முகம், ஒரு மரியாதைக்கு வெச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்.

மே 17 முதல் மேட்ச், ஏஞ்சல்ஸ் கூட, 4 இன்னிங்ஸ் 5 ரன். பாத்தியா நான் சொன்னேன்லன்னு நண்பன்கிட்ட மெசேஜ் கூட போட்டேன். அப்புறம் பாத்தா ஸ்னெல் தோள் வலின்னு வெளிய, கிளாஸ்நவ் வெளிய, சசாகி வெளிய. வாரா வாரம் வந்து அஞ்சு இன்னிங்ஸ் ஆறு இன்னிங்ஸ் போட்டு குடுத்தது யாருன்னா இந்த தாத்தா. சீசன் முடிவுல 11 வெற்றி 2 தோல்வி, இ.ஆர்.ஏ 3.36. டீம்ல யமமோட்டோவுக்கு அடுத்து அதிக வெற்றி இவருக்குத்தான். அந்த மெசேஜை நண்பன் இன்னும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கான்.

வேகம்தான் போயிடுச்சே, எப்படி ஜெயிச்சார்?

நல்ல காலத்துல 94 மைல் போட்டவர், 2025-ல சராசரி 89 பக்கம். இன்னிக்கு மேஜர் லீக்ல 89 மைல் போட்டா பேட்டிங் பிராக்டிஸ் மாதிரி அடிப்பாங்க, இடம் சரியா விழலன்னா. அதான் விஷயம், இடம். ஸ்லைடர் அவரோட ஃபாஸ்ட்பால் மாதிரியே கிளம்பி கடைசில உள்ள வந்து கால்கிட்ட விழும், ரெண்டுக்கும் வேக வித்தியாசம் கம்மி, பேட்ஸ்மேன் பந்து கைய விட்டு கிளம்பும்போது ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. நடுவுல அந்த பெரிய கர்வ் பால், மாடிலேந்து கீழ விழற மாதிரி வரும். 112 இன்னிங்ஸ்ல 84 ஸ்ட்ரைக்அவுட்தான், பழைய கெர்ஷாவுக்கு இது பாதி சீசன் கணக்கு. ஆளை அவுட் ஆக்கறதை விட்டுட்டு தப்பா அடிக்க வெக்கறதுக்கு மாறிட்டார். வயசானா பவுலர் பண்ற வேலை, கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

3000 ஸ்ட்ரைக்அவுட்டுக்காகத்தான் இழுத்துகிட்டு இருந்தார்னு சொல்றாங்களே?

சொல்றவங்க சொல்லட்டும். ஜூலை 2, சிகாகோ ஒயிட் சாக்ஸ் கூட, ஆறாவது இன்னிங்ஸ், அன்னிக்கு நூறாவது பந்து, வின்னி கேப்ரா பேட்டை தூக்காம நின்னுட்டார், அம்பயர் கை மேல போச்சு, ஸ்ட்ரைக்அவுட், 3000. வரலாத்துல இருபதாவது ஆள், இடது கைல நாலாவது. நம்பருக்காக இழுத்தார்னா ஜூலை 3-ம் தேதி கிளம்பியிருக்கணும், ஆனா அதுக்கப்புறம்தான் ஆகஸ்ட்ல பிச்சு உதறினார். சரி, கொஞ்சம் ஆசை இருந்திருக்கும், இருந்தா என்ன தப்பு?

மத்த பெரிய ஆளுங்க இந்த நிலைமைல என்ன பண்ணாங்க?

அவங்க டீம்லயே ஒரு உதாரணம் இருக்கு, சேண்டி கோஃபாக்ஸ். அவரும் இடது கை, அவருக்கும் மூணு சை யங். 1966-ல 27 வெற்றி, இ.ஆர்.ஏ 1.73, உச்சத்துல இருக்கும்போது முழங்கை மூட்டு தேய்மானத்தால 30 வயசுல போதும்னு சொல்லிட்டார். ஊசி போட்டு ஐஸ்ல கையை ஊற வெச்சுதான் ஒவ்வொரு மேட்ச்சும். பேஸ்பாலுக்கு அப்புறமும் வாழ்க்கை இருக்கு, அதுக்கு கை வேணும்னு நெனச்சார். அன்னிக்கு டாமி ஜான் ஆபரேஷன் மாதிரி எதுவுமே கிடையாது. கெர்ஷாவும் அவரும் நல்ல பழக்கம், ஆனா இவர் எடுத்தது நேர் எதிர் முடிவு.

இன்னொரு பக்கம் யாங்கீஸ் மரியானோ ரிவேரா. 2012 மே 3, கேன்சஸ் சிட்டி, மேட்ச்சுக்கு முன்னாடி சும்மா கேட்ச் பிடிக்க ஓடினதுல முட்டி லிகமெண்ட் கிழிஞ்சது, 42 வயசு. எல்லாரும் முடிஞ்சதுன்னாங்க. மறுநாளே திரும்பி வருவேன்னார், 2013 வந்தார், இதான் கடைசி வருஷம்னு மார்ச்லயே சொல்லிட்டு 44 சேவ் (டீம் முன்னால இருக்கும்போது கடைசில வந்து மேட்ச்சை காப்பாத்தி முடிக்கறது) எடுத்துட்டு போனார். அதே டீம்ல டெரெக் ஜீட்டர், 2012 அக்டோபர்ல கணுக்கால் உடைஞ்சு 38 வயசுல திரும்பி வர அவசரப்பட்டு, அதே இடத்துல மறுபடி விரிசல், 2013-ல வெறும் 17 மேட்ச். பாவம், 2014 முழுசா ஆடிட்டுத்தான் விட்டார். ஜஸ்டின் வெர்லாண்டர் கதை வேற லெவல், 37 வயசுல டாமி ஜான், 39-ல வந்து 18 வெற்றி 4 தோல்வி இ.ஆர்.ஏ 1.75-ன்னு சை யங்கே வாங்கிட்டார். அதை பாத்து எல்லாரும் கிளம்பினா ஆபத்து, அது லாட்டரி.

ரிட்டயர்மெண்ட்டை எப்ப சொன்னார்?

2025 செப்டம்பர் 18. நல்லா ஆடிகிட்டிருக்கும்போது, உடம்புல எந்த இடமும் கட்டு போடாம இருக்கும்போது. டீம் பசங்க எல்லாம் வந்து ரூம்ல உக்காந்திருந்தாங்க. அப்ப வீட்டுல நாலு குழந்தைங்க, அஞ்சாவது வரப்போற நேரம். மறுநாள் ஜயண்ட்ஸ் கூட சொந்த கிரவுண்டுல அவரோட கடைசி லீக் மேட்ச், முதல் பேட்ஸ்மேன் ஹெலியட் ராமோஸே ஹோம்ரன் அடிச்சுட்டான், அட ராமான்னு ஆயிடுச்சு, அப்புறம் சமாளிச்சு 91 பந்து போட்டு டெவர்ஸை அவுட் எடுத்துட்டு தொப்பியை கழட்டிட்டு நடந்தார். சியாட்டில்ல செப்டம்பர் 28 கடைசி லீக் மேட்ச், அஞ்சு இன்னிங்ஸுக்கு மேல, ஒரு ரன் இல்ல.

அப்ப அதோட நிம்மதியா முடிஞ்சதா?

பிளே-ஆஃப் இருக்கே. ஃபில்லீஸ் கூட ரெண்டு இன்னிங்ஸ்ல 5 ரன் விட்டார். பிளே-ஆஃப்ல சொதப்பற அந்த பழைய அக்டோபர் பேய் வந்துடுச்சுன்னு ஊரே பேசிச்சு, அன்னிக்கு நான் டிவியை ஆஃப் பண்ணிட்டு வேலைக்கு கிளம்பிட்டேன்.

டாட்ஜர்ஸுக்கு அவர் கடைசியா போட்ட பந்து எது?

வேர்ல்ட் சீரிஸ் மூணாவது மேட்ச், டொரண்டோ கூட, லாஸ் ஏஞ்சலஸ்ல. நமக்கு காலைல அஞ்சே முக்காலுக்கு ஆரம்பிச்ச மேட்ச், 9-ல முடிய வேண்டியது சமமா நின்னு 18 இன்னிங்ஸ் போய் மத்யானம் சாப்பாட்டு நேரத்துல முடிஞ்சது, நான் அன்னிக்கு பல்லு விளக்கினதே பதினோரு மணிக்கு மேல. 12-வது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், மூணு பேஸ்லயும் ஆள், ஒரு ரன் போனா பின்னடைவு. கதவு திறந்து 22-ம் நம்பர் கெர்ஷா ஓடி வரார். பேட்ஸ்மேன் நேத்தன் லூக்ஸ். ஒரு பந்து, ரெண்டு, அப்படியே மூணு பால் (தப்பான இடத்துல போன பந்து) ரெண்டு ஸ்ட்ரைக் வரைக்கும் போயிடுச்சு, இன்னொண்ணு தப்பா போனா பேட்ஸ்மேனுக்கு இலவசமா ஒரு பேஸ், ரன் தானா வந்துடும். எட்டாவது பந்தை லூக்ஸ் தரையோட உருட்டிவிட்டான், எட்மன் ஓடி வந்து அள்ளி ஃப்ரீமனுக்கு தட்டிவிட்டார், அவுட். ஒரே ஒரு ஆள், எட்டு பந்து. அப்புறம் ஃப்ரீமன் 18-ல ஹோம்ரன் அடிச்சு முடிச்சார்.

ஏழாவது மேட்ச்ல 11-வது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் ஒரு ரன் முன்னால, யமமோட்டோ போட்டுகிட்டிருக்கார், புல்பென்ல (மாத்து பிட்சருங்க காத்திருக்கற இடம்) கெர்ஷா கை சூடாக்கிகிட்டு இருக்கார், அடுத்த ஆள் வந்தா இவர்தான் போவார்னு ரெடியா. டபுள் ப்ளே (ஒரே பந்துல ரெண்டு அவுட்) விழுந்துடுச்சு, கப்பு வந்துடுச்சு. வேலி கதவை திறந்துகிட்டு, கைல கிளவுஸை மாட்டினபடியே, ஓடி வந்தார்.